விழுது இறங்கும் வேளையில் தண்ணீர்

(புதுச்சேரியில் விவசாயிகளும் மாணவர்களும் நகரவாசிகளும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மல்லாட்டை என்று நாம் சொல்கிற நிலக்கடலையைப் போடுகிற விவசாயி என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி, "எத்தனை தண்ணீர் கட்டினால் நல்லா விளையும்?" என்பது. எட்டுத் தண்ணீரா, பத்துத் தண்ணீரா என்று எண்ணிக்கையில் பதில் சொன்னால் அவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் பயிர் ஏமாற்றிவிடும். மல்லாட்டையின் விளைச்சலைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் அளவைவிட, அது எந்த நாளில் வயலுக்கு வருகிறது என்பதற்குப் பங்கு அதிகம். இன்று மாலை நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். இது வயலோடு முடிகிற விஷயமில்லை. ஏரியை, ஆழ்துளைக் கிணற்றை, அணையின் மதகை நாம் எப்படிக் கையாள வேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

கடற்கரையில் உலாவுகிற இந்த ஊரில் மல்லாட்டையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நகரத்து நண்பர்களுக்குத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியின் வணிகத்தைத் தாங்கி நின்ற பொருள்களில் மல்லாட்டை முக்கியமானது. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கடலை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து ஒரு பங்கு போயிற்று. இந்தியாவிலிருந்து போன பங்கில் பெரும்பகுதி நம் துறைமுகத்தின் வழியாகப் போயிற்று. தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்களில் விளைந்த கடலை வண்டி வண்டியாக இங்கே வந்தது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு அந்த வரத்து இன்னும் பெருகிற்று.

அந்தச் செல்வம் பெரும்பாலும் மானாவாரியில் விளைந்தது. ஆடியில் விதைத்து, வானத்தை நம்பி, மழை பெய்த அளவுக்கு எடுத்த விளைச்சல். ஆகவே மழை தடுமாறிய ஆண்டுகளில் வயலும் தடுமாறியது, துறைமுகமும் தடுமாறியது. 1890-களின் இறுதியில் சாகுபடி கடுமையாகச் சரிந்தது. நோயும் விதையின் நலிவும் வறட்சியும் சேர்ந்து அடித்தன. 1900-ஐ ஒட்டி வெளிநாட்டு விதைகள் வந்து பரவிய பிறகுதான் பயிர் மீண்டும் எழுந்தது. பிறகு திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அங்கிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி. 1 என்ற கொடி ரகம், மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே காலத்து டி.எம்.வி. 2 என்ற கொத்து ரகம், குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து வந்தது. நூற்றைந்து நாளில் முடிகிற அந்தக் கொத்து ரகம் நாட்டின் பல மாநிலங்களிலும் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. விருத்தாசலம் நிலையமும் தன் பங்குக்கு வி.ஆர்.ஐ. வரிசை ரகங்களைத் தந்தது. விதைக்கான வேலையை நம் பகுதி நன்றாகவே செய்திருக்கிறது. தண்ணீரைப் பயன்படுத்துகிற முறையில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

அந்த முறையைப் புரிந்துகொள்ள, முதலில் செடியைப் பார்ப்போம். உலகத்தில் பயிராகும் செடிகளில் மல்லாட்டையைப் போல விசித்திரமானது குறைவு. மண்ணுக்கு மேலே பூக்கிறது, மண்ணுக்குள்ளே காய்க்கிறது. விதைத்து இருபத்தைந்து முப்பது நாளில் மஞ்சள் பூ எட்டிப் பார்க்கும். காலையில் மலர்ந்த பூ வெயில் ஏறும்போது வாடிவிடும். அதற்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கும். பிறகு பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது நீண்டு, மண்ணை நோக்கி வளைந்து இறங்கும். அதன் நுனியில்தான் கரு இருக்கிறது. மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்துக்கு உள்ளாகப் போய், இருட்டும் ஈரமும் கிடைத்த பிறகே அந்த நுனி பருத்துக் காயாகும்.

இப்போது மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் என்ன நடக்கும்? அடிமண்ணில் ஈரம் இருக்கலாம், வேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம், இலையும் பச்சையாகத்தான் தெரியும். ஆனால் விழுது மண்ணைத் துளைக்க முடியாமல் மேலேயே நின்று கருகிவிடும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்குச் செடி செழிப்பாகத் தெரியும்; பிடுங்கும்போதுதான் காயின் எண்ணிக்கை குறைந்திருப்பது தெரியும். வேருக்கு ஈரம், விழுதுக்கு ஈரம் என்று இரண்டு கணக்கு இருக்கிறது. நெல்லுக்கோ கரும்புக்கோ இந்த இரண்டாவது கணக்கு கிடையாது. மல்லாட்டைக்கு அதுதான் விளைச்சல் கணக்கு.

இதோடு சுண்ணாம்புச் சத்தின் கதையும் சேர்கிறது. வேர் உறிஞ்சுகிற கால்சியம் தண்டின் வழியே இலைக்கு ஏறிவிடும். இலையிலிருந்து கீழே இறங்கிக் காய்க்கு வராது. காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஜிப்சம் தண்ணீரில் கரைந்தால்தான் காய்க்குப் போகும். காய் கிடக்கிற மேல்மண் உலர்ந்திருந்தால் போட்ட ஜிப்சம் போட்டபடியே கிடக்கும். காய் பெருத்திருந்தாலும் உள்ளே பருப்பு இராது. உங்கள் வயலில் பொக்குக் காய் மிகுந்திருந்தால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், விழுது இறங்கிய நாள் தொடங்கிப் பருப்பு நிரம்பும் வரை மேல்மண் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

எந்தப் பருவத்துப் பற்றாக்குறை எவ்வளவு சேதம் செய்யும் என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 33-ஆம் எண் பாசன நூல் எண்களாகவே தந்திருக்கிறது. டோரன்போசும் கஸ்ஸாமும் எழுதிய நூல் அது. நிலக்கடலைக்கு அவர்கள் கொடுத்த எண்கள் இவை: பூக்கும் முன்னுள்ள வளர்ச்சிப் பருவத்துக்கு 0.2, பூக்கும் பருவத்துக்கு 0.8, காய் உருவாகும் பருவத்துக்கு 0.6, முற்றும் பருவத்துக்கு 0.2. இதை நம் கணக்கில் சொல்கிறேன். பூக்கும் முன்னுள்ள பருவத்தில் பயிருக்கு வேண்டிய தண்ணீரில் பாதிதான் கிடைத்தது என்றால் விளைச்சல் நூற்றுக்குப் பத்து குறையும். அதே பாதிக் குறை பூக்கும் பருவத்தில் வந்தால் நூற்றுக்கு நாற்பது குறையும். காய் உருவாகும்போது வந்தால் முப்பது குறையும். அந்தந்தப் பருவத்தில் பற்றாக்குறையின் விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் இழப்பில் நான்கு மடங்கு வித்தியாசம்.

ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் செய்த சோதனைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பயிரின் ஒவ்வொரு பருவத்திலும் தனித்தனியாகத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். பருப்பு நிரம்பும் பருவத்தில் நிறுத்தியபோது இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. தொடக்கப் பருவத்தில் தண்ணீரைக் குறைத்துப் பிறகு சரியாகக் கொடுத்தபோதோ, எப்போதும் நிறைய நீர் பெற்ற பயிரைவிட விளைச்சல் கூடியே வந்தது. இளம் வயதில் சற்றுக் காயவிட்ட செடி வீண் தழையைப் போடாமல் வேரைக் கீழே இறக்குகிறது. தண்ணீர் வந்ததும் பூக்கள் சேர்ந்தாற்போல் வருகின்றன. விழுதுகள் ஒன்றாக இறங்குகின்றன. காய்கள் ஒன்றாக முற்றுகின்றன. பாதி முற்றல், பாதி பிஞ்சு என்ற தொல்லை குறைகிறது. விதைத்த நாலைந்து நாளில் உயிர்த் தண்ணீர் விட்ட பிறகு களைவெட்டு வரை காயப்போடுவது நம் பெரியவர்களின் வழக்கம். அந்த வழக்கத்தின் பின்னால் நல்ல அறிவு இருந்திருக்கிறது.

இனி நம் மார்கழிப் பட்டத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு விதைக்கிறோம். ஏரி நிறைந்திருக்கிறது, கிணறு மேலே நிற்கிறது, பனியும் பெய்கிறது, வெயில் மிதமாக இருக்கிறது. அந்த நேரத்தில் தாராளமாகத் தண்ணீர் கட்டுகிறோம். மாசி, பங்குனி வரும்போது வெயில் ஏறுகிறது; பயிர் ஒரு நாளில் குடிக்கிற தண்ணீரும் ஏறுகிறது; பருப்பு நிரம்புகிற கட்டமும் அதுதான். ஆனால் அப்போதுதான் கிணறு இறங்குகிறது, மோட்டார் இரண்டு மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. பயிருக்குத் தேவை குறைவாக இருக்கும்போது மிகுதியாகக் கொடுத்துவிட்டு, தேவை உச்சத்தில் இருக்கும்போது கையை விரிக்கிறோம். நம் பகுதியில் பாசன மல்லாட்டையின் விளைச்சல் கைநழுவுகிற இடம் இது. மார்கழியில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு தண்ணீரும் பங்குனியில் பருப்பாகத் திரும்பி வரும்.

நடைமுறைக்கு வருகிறேன். நூற்றைந்து நாள் கொத்து ரகத்துக்கு மொத்தத் தேவை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். விதைத்ததும் ஒரு தண்ணீர், நான்காம் ஐந்தாம் நாளில் உயிர்த் தண்ணீர். அதன்பின் இருபதாம் நாள் வரை காயவிடலாம். பூக்கும் பருவத்தில் இரண்டு, விழுது இறங்கும்போது ஒன்றோ இரண்டோ, காய் வளரும்போது மண்ணுக்கு ஏற்ப இரண்டு மூன்று. மணல் கலந்த செம்மண் சீக்கிரம் காயும். அங்கே இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் லேசாகக் கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைத்த பிறகு மண்வெட்டி வயலுக்குள் போகக் கூடாது; இறங்கிய விழுது அறுந்துவிடும். தெளிப்பு நீர்ப் பாசனமோ மழைத்தூவானோ இந்தப் பயிருக்கு மிகவும் பொருந்தும். பாத்தியில் பாய்ச்சுகிற தண்ணீர் கீழே இறங்கி ஓடிவிட, தெளிப்பு நீர் மேல்மண்ணை மெதுவாக நனைத்து, பொருக்கை இளக்கி, விழுதுக்கு வழி விடுகிறது.

தண்ணீர் மிகுந்தாலும் நஷ்டம்தான். மண்ணின் காற்றிடம் முழுவதும் தண்ணீரால் அடைபட்டால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கிற நுண்ணுயிர்கள் செயல் இழக்கும். இலை வெளிறும், விழுதும் காயும் அழுகும். தழை மட்டும் மண்டிக் காய் குறைந்த வயலைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள்.

கடைசி முப்பது நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பிள்ளைகளின் உடல்நலத்தோடு சம்பந்தப்பட்டது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. இந்த நஞ்சு கிடங்கில் மட்டுமே உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முற்றும் பருவத்தில் வயல் வறண்டு, மண் சூடேறினால், பிடுங்குவதற்கு முன்பே மண்ணுக்குள் காயில் பூஞ்சை ஏறிவிடும். ஈரம் இருக்கும்வரை காய் தன்னைக் காத்துக்கொள்கிற ஆற்றல் உள்ளது. ஈரம் போனால் அந்த ஆற்றலும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலைக்கு அனுமதிக்கிற மொத்த அஃப்ளாடாக்சின் அளவு ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கடலை அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். இன்று அந்தச் சந்தைக்குள் கால் வைக்க, கடைசி மாதத்தில் கிடைக்கிற ஒரு தண்ணீர் பெரிய துணை. எண்ணெய்ச் சத்து பருப்பில் சேர்வதும் அந்த நாட்களில்தான். ஆகவே செக்குக்குப் போகிற கடலைக்கும் இதே விதி.

இதுவரை கிணறு உள்ளவரைப் பற்றிப் பேசினேன். கிணறு இல்லாதவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் மல்லாட்டை விளையும் பரப்பில் பெரும்பகுதி இன்றும் மானாவாரிதான். ஆடிப் பட்டத்துக்காரருக்கு ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழைதான் கதி. ஒரு ஊரில் பெய்யும், அடுத்த ஊரில் பெய்யாது. இரண்டு வாரம் வெயில் காய்ந்து, அது விழுது இறங்கும் நேரமாக அமைந்துவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. ஐப்பசியில் முற்றிய காயைப் பிடுங்குவதற்குள் அடைமழை பிடித்தால், உறக்கத்தன்மை இல்லாத கொத்து ரகங்கள் வயலிலேயே முளைத்துவிடும். அடைமழையை நாம் நிறுத்த முடியாது. இடையில் வருகிற அந்த இரண்டு வாரக் காய்ச்சலுக்கு மட்டும் பரிகாரம் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரை ஐந்து சென்டிமீட்டர் நனைக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் போதும். தெளிப்பில் மூன்று சென்டிமீட்டர் கொடுத்தால் ஒன்றேகால் லட்சம் லிட்டருக்குள் முடியும். இருபது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள ஒரு பண்ணைக்குட்டையில் நான்கரை லட்சம் லிட்டர் நிற்கும். ஆவியாவதும் கசிவதும் போகப் பாதிதான் மிஞ்சியது என்று வையுங்கள். அப்போதும் ஓர் ஏக்கருக்கு ஒரு முழுத் தண்ணீர் கையில் இருக்கிறது. செம்மண் மேட்டில் அடியில் களிமண்ணோ தார்ப்பாயோ விரித்தால் கசிவு குறையும். அந்த ஒரு தண்ணீரை விழுது இறங்கும் வாரத்தில் கொடுத்தால், அதற்கு முன்னும் பின்னும் பெய்த மழை முழுவதும் பயனாகிறது. கொடுக்காவிட்டால் பெய்த மழையும் வீண்.

இப்போது நம் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன். புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுடேரி, பாகூர் ஏரி தொடங்கி எண்பத்து நான்கு ஏரிகள் இருக்கின்றன. சங்கராபரணியும் தென்பெண்ணையும் அவற்றுக்கு வாய்க்கால்கள் வழியே நீர் கொடுக்கின்றன. பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வருகிறது. வீடூர் அணையின் ஆயக்கட்டு 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். வருவாய்க் கணக்கில் எல்லை இருக்கலாம். தண்ணீருக்கும் மல்லாட்டைக்கும் அந்த எல்லை தெரியாது. நிலத்தடியிலும் நமக்கு ஒரு வரம் இருந்தது. 1870-களில் பிரெஞ்சுக்காரர்கள் ஆழமாகத் துளையிட்டபோது தண்ணீர் தானே பொங்கி மேலே வந்தது. எஞ்சின் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் பாய்ந்த அந்த ஊற்றுகள் இன்று இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டன. கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே நகர்கிறது. மல்லாட்டை உப்பைத் தாங்குகிற பயிர் இல்லை. நிலத்தடி நீர் உவர்ந்துவிட்டால் எந்த நாளில் தண்ணீர் கட்டுவது என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போகும்.

ஆகவே சம்பா அறுவடைக்குப் பின் மீண்டும் நெல் என்ற பழக்கத்தை மேட்டு நிலங்களிலாவது மாற்ற வேண்டும் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். மல்லாட்டைக்கு அதில் பாதிக்கும் குறைவு. ஒரு ஏக்கரில் மிச்சமாகிற தண்ணீர் இருபத்தைந்து லட்சம் லிட்டருக்கு மேல். அது போக, மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குக் கொடி, வீட்டுக்கு எண்ணெய். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விவசாயி மட்டும் மாறினால் போதாது. மதகு திறக்கிற நாளைத் தீர்மானிக்கிறவர்கள், ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் மல்லாட்டை இருக்கிறது, அது எப்போது விதைக்கப்பட்டது என்பதைக் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். தொடர்ந்து திறந்துவிட்டுத் தையிலேயே ஏரியைக் காலி செய்வதைவிட, மாசிக்கும் பங்குனிக்கும் இரண்டு முறைத் தண்ணீரை ஒதுக்கி வைப்பது மல்லாட்டைக்காரருக்குப் பெரிய உதவி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரிப் பாசனத்தை ஊரே கூடி நிர்வகித்த விவசாயச் சங்கங்கள் இங்கே இருந்தன. ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் தொடங்கியபோது, ஏரிச் சங்கங்கள் மீண்டும் அமைக்கப்பட்டன. அந்தச் சங்கங்களின் கூட்டத்தில் பேச வேண்டிய முதல் பொருள், பயிரின் வயதைப் பார்த்துத் தண்ணீரைப் பங்கிடுவது. குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தாரை அழையுங்கள். அவர்களோடு உட்கார்ந்து ஊருக்கு ஒரு பாசன நாட்காட்டி எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் மார்கழியில் உங்கள் ஊரில் ஒரு மல்லாட்டை வயலைத் தேர்ந்தெடுங்கள். முதல் பூ பூத்த நாள், முதல் விழுது மண் தொட்ட நாள், ஒவ்வொரு தண்ணீரும் பாய்ந்த நாள், மேல்மண் காய்ந்த நாள், பிடுங்கியபோது பத்துச் செடியில் இருந்த நல்ல காய், பொக்குக் காய் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பத்து ஊரில் பத்துப் பேர் எழுதினால் போதும். மதகைத் திறக்க வேண்டிய நாளை அதிகாரியிடம் ஆதாரத்தோடு கேட்கிற பலம் உங்கள் அப்பா அம்மாவுக்குக் கிடைத்துவிடும். விவசாயிகளுக்கு என் வேண்டுகோள்: இந்தப் பட்டத்தில் ஒரு கால் ஏக்கரிலாவது முதல் இருபது நாளின் தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தைப் பருப்பு நிரம்பும் நாளுக்கு வைத்துப் பாருங்கள். விளைச்சலை நீங்களே நிறுத்துப் பார்த்து, பக்கத்து வயல்காரருக்குச் சொல்லுங்கள்.